தீபம் பார்க்கப் போகிறவர்களுக்கு

திருவண்ணாமலை அக்கினி ஸ்தலம் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அங்கே கார்த்திகை தீபம் வருகிற சமயமோ, வடகிழக்குப் பருவ மழையின் சமயம். ஜோதி தரிசனத்துக்குப் போகிறவர்கள் சொட்டச் சொட்ட நனைந்து திரும்புவது அங்கே சர்வ சாதாரணம்.

முதல் தடவை நாங்கள் போனபோது ஜமக்காளம், கூஜா, இரண்டு தூக்கு நிறையப் புளியோதரை, ஆளுக்கு ஒரு குடை என்று ஏகப்பட்ட மூட்டை முடிச்சுகள். ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே பஸ் நின்று விட்டது. மூட்டைகளைச் சுமந்து நடந்தோம். மழை பிடித்துக்கொண்டதும் குடையை விரித்தோமோ இல்லையோ, அதன் கம்பி முன்னால் சென்ற பெரியவர் ஒருவரின் காதைப் பதம் பார்த்தது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நெற்றிக் கண் ஒன்றுதான் குறை! புளியோதரையும் வீண். கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானம் நடக்கும்போது அதை யார் சீந்துவார்கள்?

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். அன்றிரவு அக்கினி லிங்கத்துக்கு அருகில் எங்கள் ஆறு வயதுக் குழந்தை கை நழுவிப் போனாளே, அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. விலாசமும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு அவள் சட்டைப் பையில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் மழையில் மசி கரைந்து, காகிதம் முழுவதும் நீலமாகியிருந்தது. பூக்காரி ஒருத்தி குழந்தையைத் தன் கூடைக்கு அருகிலேயே உட்கார்த்தி வைத்துக்கொண்டிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! அது முதல் எங்கள் வீட்டில் யாத்திரைச் சீட்டைப் பென்ஸிலால்தான் எழுதுகிறோம்.

குடைக்குப் பதில் தலையையும் மூடும் மழைக்கோட்டு. சீக்கிரம் உலரும் மாற்றுடை ஒன்று. நனைந்த எட்டு முழ வேஷ்டி காலைச் சுற்றிக்கொண்டால் 14 கிலோ மீட்டர் வலம் வருவது எப்படி? மாத்திரைக்கும் கைப்பேசிக்கும் தண்ணீர் புகாத உறை. கிரிவலம் வெறுங்காலோடு வருவதாகையால், செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப் பை. கழற்றிய இடத்துக்கு அந்தக் கூட்டத்தில் திரும்பி வருவது ஆகிற காரியமல்ல.

மலை மேல் ஏறும் ஆசையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நலம். 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து அடிவாரத்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அந்த மாதம் 13-ந் தேதி மகா தீபம். நிபுணர்கள் மண்ணைப் பரிசோதித்த பிறகு, பக்தர்கள் ஏறக்கூடாதென்று சர்க்கார் தடுத்து விட்டார்கள். சிலர் மனத்தாங்கல் கொண்டார்கள். எங்களுக்கு அதில் நியாயம் தோன்றவில்லை. 2,668 அடி உயரத்தில் தீபம் ஏற்றுவதே கீழே இருப்பவர்கள் காண்பதற்காகத்தானே?

தீபம் ஒரே நாளில் அணைந்து விடுவதுமில்லை. பதினொரு நாள் எரிகிறது. கூட்டம் வடிந்த பின் எட்டாம் நாள் போகலாம் என்று எழுபது வயதான எங்கள் தாயாரிடம் சொல்லிப் பார்த்தோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மறுநாள் காலையில் பார்த்தால், பரணிலிருந்து கூஜா இறங்கியிருந்தது.