முடக்கில் இனி இறங்க வேண்டாம்

எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஒரு முடக்கு இருக்கிறது. யட்டியாந்தோட்டை டவுனில் இருந்து வரும்போது ரப்பர் மலை முடிந்து தேயிலை தொடங்குகிற இடம். அங்கே வந்ததும் எங்கள் பழைய கரண்ட் ஸ்கூட்டி முனகத் தொடங்கும். பின்னால் இருப்பவர் இறங்கிவிடுவார். யாரும் சொல்லத் தேவையில்லை. ஓட்டுபவர் மட்டும் ஏறிப் போய் மேலே கொந்தரப்புக் காம்பராவுக்குப் பக்கத்தில் காத்திருப்பார். இறங்கியவர் மழை என்றால் குடையோடும், இரவு என்றால் போன் வெளிச்சத்தோடும், எப்போதும் அட்டையோடும் நடந்து வந்து சேர்வார்.

போன மாதம் புது ஸ்கூட்டி வந்தது. பழையதைவிடப் பெரியது. அதை ஓட்டிப் பார்த்த முதல் சில வாரங்களைப் பற்றித்தான் இது.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்த பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் நாலு பேர். ஒருவர் டவுனில் கடையில் வேலை. ஒருவர் அவிசாவளைப் பக்கம் கார்மென்ட். ஒருவர் முன்பள்ளி டீச்சர். இளையவள் ஏ.எல். படிக்கிறாள். வண்டி நாலு பேருக்கும் பொது.

பழைய ஸ்கூட்டியை 2022 கடைசியில் பழைய விலைக்கு வாங்கினோம். அந்த வருசத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜூன் மாதம் பெற்றோல் லீட்டர் 470 ரூபா. ஜூலையில் கியூ.ஆர். வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், ஆட்டோவுக்கு 5 லீட்டர். தோட்டத்துக்கு ஏறி வர எந்த ஆட்டோக்காரருக்கும் மனசு வரவில்லை. வந்தாலும் கேட்கிற காசு அம்மாவின் ஒரு நாள் பேரில் பாதிக்கு மேலே. அப்போது ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா; 1,350 ஆனது 2024இல்தான். இளையவளின் டியூஷன் ஆறு மணிக்கு முடியும், கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். இரண்டு மாதம் அவள் வகுப்புக்கே போகவில்லை. அப்போதுதான் அந்தக் குட்டி ஸ்கூட்டி வந்தது. அதனால் அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனாலும் முடக்கில் அது நின்றது. ஏன் நின்றது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஸ்கூட்டி, ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், எல்லாம் சேர்த்து சுமார் 200 கிலோ. நூறு மீட்டர் ஓடினால் பத்து மீட்டர் உயர்கிற ஏற்றம் என்று வைப்போம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அதில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே 1,100 வாட்ஸ் வேண்டும். எங்கள் மோட்டார் 800 வாட்ஸ். வேகம் குறைந்து குறைந்து, மோட்டார் சூடாகி, கடைசியில் 'என்னால ஏலாது' என்று நின்றுவிடும். ஒரு ஆளை இறக்கினால் 60 கிலோ குறையும், ஏறிவிடும். ஆக, நாங்கள் முடக்கில் இறங்கியதும் ஒரு கணிதம்தான்.

புதியதின் மோட்டார் 2,000 வாட்ஸ். பற்றரி 72 வோல்ட், 32 ஆம்பியர் மணி. பெருக்கினால் சுமார் 2.3 யூனிட் கரண்ட். பழையதில் 48க்கு 20, அதாவது ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் எவ்வளவு பெரிய பேச்சுப் பேசினாலும், வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கிப் பாருங்கள். எவ்வளவு கரண்ட் உள்ளே இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

வாங்கின கதை ஓட்டின கதையைவிடப் பெரிசு. சீட்டுக் காசு கொஞ்சம் இருந்தது, மிச்சத்துக்கு லீசிங். போன இடத்தில் முதல் கேள்வியே வீட்டு முகவரி. லயத்துக்கு ஏது நம்பர்? எங்கள் கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தானே வரும். தோட்டத்தில் இருந்து ஒரு கடிதம், கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று, கரண்ட் பில், பிறகும் 'சொந்த வீடு இருக்கிற ஒருத்தர் பிணை நிக்கணும்' என்றார்கள். இருநூறு வருசமாக மலையில் இருக்கிறோம், ஒரு ஸ்கூட்டி வாங்கப் போனால்தான் நாங்கள் எங்கேயும் இல்லை என்று தெரிகிறது. கடைசியில் டவுனில் கடை வைத்திருக்கிற ஒரு சிங்கள மாமா பிணை நின்றார். 'நங்கி படிக்கணும் இல்லையா' என்று மட்டும்தான் சொன்னார்.

சரி, ஓட்டின கதைக்கு வருவோம்.

ஏறி உட்கார்ந்ததும் தெரிந்தது பாரம். பற்றரி மட்டுமே 60 கிலோ அளவு வரும். ஓடும்போது பாரம் தெரியாது. நிறுத்தித் திருப்பும்போதும், ஸ்டாண்ட் போடும்போதும் தெரியும். எங்களில் குட்டையானவருக்கு இரண்டு காலும் முழுசாகத் தரையில் படவில்லை. முதல் நாள் பெரட்டுக் களத்திலேயே வட்டம் வட்டமாக ஓட்டினோம். ஒருவர் மெதுவாகச் சாய்ந்து விழுந்தார். கொழுந்து நிறுக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது சில்லு. யூடியூபில் ஒற்றைச் சில்லுக் கரண்ட் வண்டி ஓட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே சில்லு, இரண்டு பக்கமும் கால் வைக்கும் தட்டு, கைபிடி கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். சின்னச் சில்லில் இருந்து 18, 20 இஞ்சிச் சில்லுக்கு மாறினால் குழி பள்ளம் அவ்வளவு தெரியாது என்று அவர்கள் சொல்வது வழக்கம். எங்களுக்கு 10 இஞ்சியில் இருந்து 12தான். ஆனால் அது உண்மைதான். சின்னச் சில்லு குழிக்குள் இறங்கி ஏறும், பெரியது அதே குழியின் மேலே உருண்டு போகும். கொழுந்து லொறி தோண்டிவிட்டுப் போன பாதைக்கு அந்த இரண்டு இஞ்சி பெரிய உதவி.

சத்தம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முந்தி தோட்டத்தில் பைக் சத்தம் கேட்டால் சின்னத்துரை வருகிறார் என்று அர்த்தம். பேசிக்கொண்டு நிற்கிறவர்கள் நிரைக்குத் திரும்பிவிடுவார்கள், பிள்ளைகள் ஓரத்துக்கு ஒதுங்கும். அப்பாயிக்கு இன்னும் அந்தக் காது. எங்கள் ஸ்கூட்டி அவர் பின்னால் போய் நின்றபோது திடுக்கிட்டுத் திரும்பி, 'அடப் பாவிகளா, பேய் மாதிரி வந்து நிக்கிறீங்க' என்றார். சிரித்தோம். ஆனால் தலையில் விறகுக் கட்டோடு போகிறவருக்கும், காது கேட்காத தாத்தாவுக்கும் இது ஆபத்து. இப்போது ஒவ்வொரு முடக்கிலும் ஹோர்ன் அடிக்கிறோம். லயத்துப் பக்கம் வந்தால் வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறோம்.

எங்களைப் பயமுறுத்தியது ஏற்றம் இல்லை, இறக்கம். கியர் பைக்கில் இறங்கும்போது கியரைக் குறைத்தால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். எங்கள் ஸ்கூட்டியில் அப்படி ஒன்றும் இல்லை, அதன் பாரத்துக்கு உருண்டு போகும். முதல் மழை நாளில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து ஒருவர் வழுக்கிக் காணுக்குள் போய்விட்டார். முழங்காலில் தோல் போனதோடு தப்பினார். டவுன் கராஜ் பாஸ் சொல்லித் தந்தது: இறக்கம் தொடங்கும் முன்னமே வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், தொடர்ந்து பிடித்தால் சூடாகிவிடும்.

கம்பெனிக் காகிதத்தில் ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அது சமதரையில், ஒரே ஆள் மெதுவாகப் போனால் வரலாம். இரண்டு பேர், எங்கள் மலை என்றால் அதில் பாதி. எங்களுக்கு அது போதும். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தும் மிச்சம் இருக்கும். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு மூன்று யூனிட்டுக்குள்.

ஆனால் எங்கே வைத்து சார்ஜ் போடுவது? பழையதை இஸ்தோப்பில் ஏற்றிவிடுவோம். புதியதை ஏற்றினால் கதவு திறக்காது. காம்பராவே பத்துக்குப் பன்னிரண்டு அடி. கடைசியில் அப்பாயி வெத்திலை இடிக்கிற மூலையை எடுத்துக்கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, உரலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அது எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது. பழைய வயரிங் என்பதால் இரவு முழுக்கத் தூங்குகிற நேரத்தில் சார்ஜ் போடுவதும் இல்லை. யாராவது விழித்திருக்கும்போதுதான்.

வாங்க நினைக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று: கடை வாசலில் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். உங்களில் பாரமான ஆளைப் பின்னால் ஏற்றி, ஒரு நல்ல ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, அங்கிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தால் வாங்குங்கள். நம்பர் பிளேட், லைசன், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கரண்ட் ஸ்கூட்டிக்கும் உண்டு. 'இதுக்கு ஒன்றும் தேவையில்லை' என்று விற்கிறவரை நம்பாதீர்கள்.

ஸ்கூட்டி வந்ததால் பாதை திருந்தவில்லை. அது ஸ்டோருக்குப் போகப் போட்ட பாதை. கொழுந்து இறங்கினால் போதும் என்று நினைத்துப் போட்டது. லயத்துக்கு நம்பரும் வரவில்லை. தவணை இன்னும் முப்பத்தைந்து மாதம் இருக்கிறது. பொம்பளைப் புள்ளை ராவில் ஸ்கூட்டி ஓட்டுகிறாள் என்ற பேச்சும் லயத்தில் இருக்கிறது. பேசுகிறவர்களில் இரண்டு பேர் அவள் பின்னால் ஏறித்தான் கிளினிக் போய் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

போன வெள்ளிக்கிழமை டியூஷன் முடிந்து இளையவள் ஓட்டி வந்தாள். கொழும்புக்குப் போய் வந்த அம்மா பின்னால். நல்ல மழை. முடக்கு வந்ததும் அம்மா பழக்கத்தில் ஒரு கையால் பையைத் தூக்கி, ஒரு காலைக் கீழே இறக்கப் போனாராம். 'உக்காருங்கம்மா, ஏறும்' என்றாளாம் இவள்.

ஏறியது. ஆனால் கொந்தரப்புக் காம்பரா வரும்வரை அம்மா பையைக் கீழே வைக்கவே இல்லையாம்.