முப்பது சீட்டுகளும் ஒரு கணித வழிகாட்டியும்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. என் பெரியப்பா கைப்பேசியில் பணம் கட்டி ரம்மி ஆடி, குத்துக்கல்வலசையில் தாத்தா வாங்கிப் போட்டிருந்த மனையை இழந்தவர். அன்று முதல் என் அம்மாவுக்குச் சீட்டும் பாம்பும் ஒன்றே. ஆயினும் நான் எழுத வந்தது சீட்டாட்டத்தைப் பற்றித்தான். அது எனக்குக் கற்றுத் தந்த பாடத்தை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடந்த குற்றாலம் சீசனின்போது கோவையில் பொறியியல் படிக்கும் என் சித்தி மகன் அண்ணன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். ஐந்தருவியில் குளித்து வந்த ஈரம் காயுமுன்னே அவன் தன் பழைய கைப்பேசியை என் கையில் தந்து, "ஹார்த்ஸ்டோன்" என்ற ஆட்டத்தைக் காட்டினான். 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஆட்டம் அது. வேடன், மந்திரவாதி, போர்வீரன் என்று பல வகை வீரர்கள். நமக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்து, அவருக்கேற்ற முப்பது சீட்டுகளைக் கொண்ட கட்டு ஒன்றை நாமே அமைக்க வேண்டும். இருவருக்கும் உயிர்ப் புள்ளிகள் முப்பது. முதல் முறையில் ஒரு படிகம், இரண்டாம் முறையில் இரண்டு என்று பத்து வரை வளரும். சிறிய சீட்டுக்கு ஒரு படிகம் போதும். பெரிய சீட்டுக்கு எட்டு, ஒன்பது வேண்டும்.

"பணம் வைத்து ஆடுவதா?" என்று பயத்தோடு கேட்டேன். "இல்லை. இதில் ஜெயித்தால் காசு வராது, புத்தி வரும்" என்று சிரித்தான். பிறகு ஒரு செய்தி சொன்னான். 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த ஆட்டமும் இருந்ததாம். குஜராத் மாநிலத்துப் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா என்பவர் இந்தியாவுக்காக ஆடி வெண்கலப் பதக்கம் வென்றார். தங்கம் ஹாங்காங்கிற்கும், வெள்ளி இந்தோனேசியாவிற்கும் கிடைத்தன. காட்சிப் போட்டியாக நடந்ததால் அப்பதக்கம் நாட்டின் கணக்கில் சேரவில்லை. எனினும் பூகம்பத்தால் மட்டுமே நான் அறிந்திருந்த ஓர் ஊரிலிருந்து ஒருவர் சிந்தனையால் பதக்கம் வென்றார் என்பது என்னைக் கவர்ந்தது.

அந்நாளைய பெரிய போட்டிகளில் வழக்கமாயிருந்த முறையை அண்ணன் விளக்கினான். ஒவ்வொருவரும் வெவ்வேறு வீரர்களைக் கொண்ட நான்கு கட்டுகளோடு வரவேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் கட்டுகளில் ஒன்றை நாம் விலக்கலாம். நம்முடையதில் ஒன்றை அவர் விலக்குவார். எஞ்சிய மூன்று கட்டுகளாலும் ஒவ்வொரு முறை யார் முதலில் வெல்கிறாரோ அவருக்கே வெற்றி. ஆகவே ஒரு கட்டில் மட்டும் வல்லவராக இருந்து பயனில்லை. அதை எதிராளி விலக்கிவிட்டால் கை வெறுங்கை!

கட்டுகளில் பெரும்பாலும் மூன்று வகை உண்டு. சிறு சீட்டுகளால் விரைந்து தாக்குவது ஒன்று. முதலில் பொறுத்து, தாக்குதலைத் தடுத்து, கடைசியில் பெரிய சீட்டுகளால் வெல்வது இரண்டாவது. குறிப்பிட்ட இரண்டு மூன்று சீட்டுகள் கையில் சேரும்வரை காத்திருந்து ஒரே அடியில் முடிப்பது மூன்றாவது. காத்திருப்பவனை வேகமானவன் முந்துவான். வேகமானவனைப் பொறுமைசாலி களைக்க வைப்பான். பொறுமைசாலி தரும் அவகாசத்தில் காத்திருப்பவன் தன் சீட்டுகளைச் சேர்த்துவிடுவான். எல்லாரையும் வெல்லும் கட்டு என்று ஒன்று கிடையாது.

நான் வேடனின் வேகக் கட்டைத் தேர்ந்தேன். காரணம் எளியது. அதற்கு அபூர்வச் சீட்டுகள் தேவையில்லை. இலவசமாகக் கிடைப்பவையே ஏறக்குறையப் போதும். ஆறாம் ஏழாம் முறைக்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்பதே என் திட்டம். அண்ணனை மூன்று நாள் தொடர்ந்து தோற்கடித்தேன். நான்காம் நாள் அவன் தன் கட்டில் காவல் நிற்கும் வீரர்களையும் உயிரைக் கூட்டும் சீட்டுகளையும் சேர்த்தான். என் படை அவன் வாசலிலேயே மடிந்தது. அவன் கையிலிருந்த வாளை உடைக்க நான் ஒரு சீட்டைச் சேர்த்தேன். மறுநாள் அவன் வாளே இல்லாத மந்திரவாதியோடு வந்தான். என் சீட்டு ஒரு சாதாரண வீரனாகக் கையில் கிடந்தது. நேற்றைய எதிரிக்காகச் சேர்த்த சீட்டு இன்றைய எதிரியிடம் பயன்படுவதில்லை. அதற்காக நான் வெளியே எடுத்துவிட்ட நல்ல சீட்டு ஒன்றையும் அன்று நினைத்து வருந்தினேன்.

இதையெல்லாம் திண்ணையிலிருந்து தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் புனலூரில் மரக்கடையில் வேலை பார்த்தபோது "இருபத்தெட்டு" ஆடிப் பழகியவர் அவர். முப்பத்திரண்டு சீட்டுகள்; நால்வர் இரு அணியாக ஆடுவது; துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டம் நடக்கும். "தன் கையை மட்டும் பாக்கிறவன் பாதி ஆட்டந்தான் ஆடுதான். எதிராளி எதப் போடாம வச்சிருக்கான்னு பாரு" என்றார்.

அந்த அறிவுரையை அப்போதே கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எனக்கோ அண்ணனிடமிருந்த பளபளக்கும் சீட்டுகளே குறை என்று தோன்றியது. ஐந்து சீட்டுகள் அடங்கிய உறைகளைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். கணித வழிகாட்டி வாங்க அம்மா தந்திருந்த 450 ரூபாயை என் சேமிப்பு என்று பொய் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன். என் அம்மா பீடி சுற்றுபவர். அப்பணம் பல நாள் பீடிக்கூலி.

உறைகளில் சில பெரிய சீட்டுகள் வந்தன. நான்கு சிறு சீட்டுகளை நீக்கி அவற்றைச் சேர்த்தேன். பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. முதல் மூன்று முறைகளில் போட ஒன்றுமின்றி எட்டுப் படிகச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். எட்டாம் முறை வருமுன் ஆட்டம் முடிந்துவிட்டது. வலிமையான சீட்டுகளைச் சேர்த்து என் கட்டை நானே வலிமையற்றதாக்கிவிட்டேன்.

அண்ணன் ஊருக்குப் போன மறுவாரம், "வழிகாட்டி எங்கட்டி?" என்று அம்மா கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா அடிக்கவில்லை. பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார். பெரியப்பாவை நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, இது அந்த ரம்மி இல்லை" என்று மெல்லச் சொன்னேன். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதையும், அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே ஏற்றுக்கொண்டதையும், தீர்த் மேத்தாவைப் பற்றியும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "அந்தப் பையன் அவன் அம்மைகிட்ட பொய் சொல்லிப் போனானா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. "நீ கேட்டிருந்தா நான் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்லா" என்றார். அந்தச் சொல் அடியைவிட வலித்தது.

வழிகாட்டி வாங்கவில்லை. சென்ற ஆண்டு தேர்வெழுதிய ஓர் அக்காவிடம் இரவல் வாங்கி, வேண்டிய கணக்குகளைக் கையாலேயே படியெடுத்தேன். கைப்பேசியைத் தாத்தா தம் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மட்டும் திறப்பார். பெரிய சீட்டுகளை நீக்கி, பழைய சிறு சீட்டுகளைத் திரும்பச் சேர்த்தேன். சில நாள் வெல்கிறேன்; சில நாள் தோற்கிறேன். தோற்றால் எதிராளி என்ன செய்தார் என்று குறித்துக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிறு சாரல் பெய்துகொண்டிருந்தது. அம்மா பீடி சுற்றியவாறே, "ஏன் நல்ல சீட்ட எல்லாம் வெளிய எடுத்துப் போடுத?" என்று கேட்டார். முப்பதுக்கு மேல் சேர்க்க முடியாது, ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்றேன். அம்மா சிரித்தார். "என் கூலிப் பணமும் அப்படித்தாம்ட்டி. வழிகாட்டி உள்ள வந்தா வேறொண்ணு வெளிய போவும். அன்னைக்கு எது வெளிய போச்சுன்னு நீ கேக்கவே இல்லையே" என்றார்.

அன்றுதான் கேட்டேன். அம்மா தமக்கென வாங்க நினைத்திருந்த மூக்குக் கண்ணாடி!

தோழியரே, எதிராளியின் கையில் என்ன இருக்கிறதென்று ஊகிக்க நான் பல மணி நேரம் செலவிட்டேன். என் எதிரிலேயே அமர்ந்திருந்த அம்மாவின் கையைப் பார்க்கவில்லை. இப்போது என் சேமிப்பு டப்பாவில் 130 ரூபாய் இருக்கிறது. அது கண்ணாடிக்கு.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு