மௌலா அலிக் குன்றில் ஒரு காலைப்பொழுது

போலாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்தும், மௌலா அலிக் குன்றின் உச்சியை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் மிதித்ததில்லை என்று சொன்னால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கும் அன்பர்கள் தங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களுள் பாதிப் பேரின் கதை இதுவாகவே இருக்கும்.

என் தந்தையார் 1971-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து லாலாகுடா ரயில்வேத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். இரண்டாண்டுகள் கழித்து என் தாயாரை உறையூரிலிருந்து மணமுடித்து அழைத்து வந்தார். 1983-இல் போலாரத்தில் ஒரு சிறு வீட்டையும் வாங்கினார். அந்நாளில் போலாரம் வழியாக ஓடியது மீட்டர் பாதை. மல்காஜ்கிரியை நெருங்குகையில் கிழக்கே அந்த மொட்டைப் பாறைக் குன்று தென்படும். அதைச் சுட்டிக்காட்டி, "அதோ, நம் மலைக்கோட்டைக்குத் தம்பி" என்பார் தந்தையார். ஏறிப் பார்ப்போமா என்று நாங்கள் கேட்டால், "அண்ணன் இருக்கத் தம்பி எதற்கு? கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் அல்லவா?" என்று முடித்துவிடுவார். அவ்வாறே ஆண்டுதோறும் பல காதம் கடந்து போய் மலைக்கோட்டை ஏறினோம். அரை மணி வழியில் இருந்த தம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை. தந்தையார் மறைந்து மூன்று ஆண்டுகளாகின்றன.

சென்ற கார்த்திகையில் எனக்குப் புனேயில் பணி மாற்றம் வந்தது. போலாரத்து வீட்டை விற்றுவிடுவது என்றும், தாயார் உறையூரில் என் தம்பியுடன் இருப்பது என்றும் நாங்கள் இருவரும் தொலைபேசியிலேயே பேசி முடித்தோம். தாயாரிடம் பிறகு சொன்னோம். அவர் மறுக்கவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. வீடு வாங்குவோர் ஒருவர் வந்து பார்த்துப் பிடித்துப்போய், திங்கட்கிழமை முன்பணம் தருவதாகச் சொல்லிப் போனார். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை இரவு, சோறு பரிமாறிக்கொண்டிருந்த தாயார் திடீரென்று, "அந்தத் தம்பி மலையை ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வருவோமா?" என்றார்.

அவருக்கு வயது எழுபத்து மூன்று. முழங்கால் வலி உண்டு. மருத்துவரைக் கேட்டேன். மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தாயார், என் மகள், நான் என மூவரும் புறப்பட்டோம்.

போலாரத்திலிருந்து போக எண்ணும் அன்பர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். சிகந்தராபாத்திலிருந்து மேட்சல் வரை 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட புறநகர் மின்வண்டி நம் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. வண்டிகள் அடிக்கடி இல்லை. நேரம் பார்த்துப் புறப்பட வேண்டும். அல்வால், அம்முகூடா, சஃபில்குடா தாண்டி மல்காஜ்கிரியில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் குன்றின் அடிவாரம் சிறிது தொலைவே. மழைக்காலம் முடிந்ததிலிருந்து மாசி வரை ஏறத்தக்க காலம். கோடையில் போக வேண்டா. பாறை வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகும் விடாது என்கிறார்கள். குடிநீர் கையோடு கொண்டு போவது நல்லது.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,000 அடி என்று இக்குன்றின் உயரத்தைச் சொல்வதுண்டு. கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நகரமே 1,700 அடிக்கு மேல் மேட்டில் இருப்பதால் நாம் ஏறுவது இருநூறு, முந்நூறு அடிதான். திருச்சி மலைக்கோட்டையின் உயரமும் 270 அடியை ஒட்டியது. தந்தையார் தம்பி என்றது வெறும் வேடிக்கை அன்று போலும்.

அடிவாரத்தில் ஒரு தெலுங்கு அம்மையார் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டிருந்தார். தாயாரின் கண்டாங்கிச் சேலையைப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று வினவினார். "திருச்சிராப்பள்ளி" என்றார் தாயார், சற்றும் தயங்காமல்.

படிகள் அகலமானவை. பாறையின் போக்கிற்கேற்ப வளைந்தும் நிமிர்ந்தும் செல்கின்றன. என் மகள் தெலுங்கில் எண்ணத் தொடங்கினாள். தாயார் தமிழில் எண்ணினார். நூறு வரை இருவர் கணக்கும் ஒத்துப்போயின. அதன் பிறகு பேத்தி ஓடியும் பாட்டி நின்றும் ஏறியதில் கணக்குகள் பிரிந்தன.

இவ்விடத்தில் பாறையைப் பற்றிச் சில சொற்கள். ஐதராபாத்தைச் சூழ்ந்துள்ள இந்தக் கருங்கற் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து இறுகியவை. மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் கரைந்து போகவே, பாரம் குறைந்த பாறை மெல்ல விரிந்து, வெங்காயத் தோல் உரிவதுபோல் தகடு தகடாக உரிந்தது. இந்தக் குன்றின் வழுக்கை முதுகு அப்படி வந்தது. உருண்டைக் கற்களை யாரோ எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் தோன்றும்; உண்மையில் அவை இருந்த இடத்திலேயே வெடிப்பு வழியே தேய்ந்து உருண்டவை. இத்தகைய பாறைக் குன்றுகள் எத்தனையோ கட்டடக் கல்லாகவும் சல்லியாகவும் போய்விட்டன. எஞ்சியவற்றைக் காக்க இந்நகரத்தார் சிலர் 1996-இல் ஒரு சங்கமே அமைத்தனர். பாறைக்கென்று ஒரு சங்கம் வேறு எவ்வூரில் உண்டோ அறியேன்.

முந்நூறாவது படியளவில் தாயாருக்கு மூச்சு வாங்கியது. ஓரத்துச் சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. எனக்கு உள்ளூர அச்சம். முன்பணம், வீடு, புனே எல்லாம் அந்தக் கணத்தில் மறந்து, இவரை இங்கு ஏன் அழைத்து வந்தோம் என்பது ஒன்றே நெஞ்சில் நின்றது. "போதும் அம்மா, இறங்கிவிடலாம்" என்றேன்.

அவர் தண்ணீரை இரண்டு மிடறு அருந்தினார். "உன் அப்பா இதுவரைக்கும்கூட வரவில்லையே, தம்பி" என்றார். சிறிது பொறுத்து, "அவர் வந்திருக்கலாம். நான்தான் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. எப்போது பார்த்தாலும் ஊர் நினைப்பு எனக்கு" என்றார்.

அப்போது மேலிருந்து இறங்கி வந்த வெண்தாடி முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். நேராக ஏறாதீர்கள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்திற்குக் குறுக்காக நடந்து ஏறுங்கள், முழங்கால் நோகாது என்று தக்கணி உருதுவில் சொல்லி, தாமே நான்கு படி நடந்தும் காட்டினார். படிகள் அத்தனை அகலமாக இருப்பதன் பயனை அப்போதுதான் உணர்ந்தேன். தாயார் எழுந்து அவ்வாறே குறுக்கும் நெடுக்குமாக ஏறலானார். "நெசவுத் தறியில் நாடா ஓடுகிறமாதிரி இருக்கிறது" என்று அவரே சொல்லிச் சிரித்தார். உறையூரில் தறியோசையில் வளர்ந்தவர் அல்லவா!

உச்சியை அடைந்தபோது மணி எட்டரை. என் மகளின் கணக்கு 481; தாயார் கணக்கு 503; எனக்குக் கணக்கே இல்லை. ஊரார் ஐந்நூறு என்று முழுமையாகச் சொல்லிவிடுகின்றனர்.

உச்சியிலுள்ள தர்காவின் வரலாறு ஐதராபாத்து நகரத்தினும் மூத்தது. கோல்கொண்டாவை ஆண்ட இப்ராகீம் குதுப் ஷாவின் அரண்மனையில் பணிபுரிந்த யாகூத் என்பவர், 1578-ஆம் ஆண்டு ரஜப் மாதம் 17-ஆம் நாள் ஒரு கனவு கண்டாராம். பச்சையுடை தரித்த ஒருவர் வந்து, அலி அழைக்கிறார் என்று சொல்லிக் கூட்டிச் செல்ல, குன்றின் மேல் அலி அவர்கள் ஒரு கல்லின்மீது கையூன்றி அமர்ந்திருக்கக் கண்டாராம். மறுநாள் ஏறிப் பார்த்தபோது அக்கல்லில் கைத்தடம் பதிந்திருந்ததாம். அந்த அடையாளத்தைச் சுற்றி எழுந்ததே இத்தலம். ஐதராபாத்து நகரம் உருவானது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1591-இல். இன்றும் ரஜப் மாத விழாவில் முசுலிம்களோடு இந்துக்களும் திரளாக ஏறி வருகின்றனர். பிறைக் கணக்கில் வருவதால் விழா ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக நகரும். கூட்டம் வேண்டாதவர்கள் நாள் பார்த்துச் செல்க. தாயார் வாயிலில் நின்று கைகூப்பினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

பின்னர் நகரத்தைப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய மட்டும் வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள், இடையிடையே ஏரிகளின் பளபளப்பு. காலடியில் தண்டவாளங்கள் விரிந்து கிடந்தன. சரக்கு வண்டியொன்று அட்டைப்பூச்சி போல் ஊர்ந்தது. தெற்கே தார்நாகாவும், உசுமானியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பசுமையும். மேற்கே சிகந்தராபாத்து. அதற்கும் அப்பால் மூடுபனிக்குள் உயர்ந்த கட்டடங்களின் நிழல்கள்.

சிகந்தராபாத்தைக் காட்டி என் மகளுக்கு நம்மவர் கதையைச் சொன்னேன். 1798-இல் நிசாமும் ஆங்கிலேயரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சென்னைப் பட்டாளங்கள் இங்கு வந்து தங்கின. 1806-இல் அப்பாளையம் மூன்றாம் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்றது. பட்டாளத்தின் பின்னே தமிழ்ச் சிப்பாய்களும் வணிகர்களும் சமையற்காரர்களும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். 1862-இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரியாயிற்று. 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் அமெரிக்கா செல்லுமுன் சொற்பொழிவாற்றியது அங்கேதான். "அப்படியானால் நாம் புதிதாக வந்தவர்கள் இல்லையா?" என்று கேட்டாள் மகள். தாத்தா வந்தது 1971-இல்தான் என்றேன். "அதுவும் பழசுதான்" என்றாள் பதினொரு வயதுப் பெண்.

தாயாரோ வடமேற்கையே நோக்கிக்கொண்டிருந்தார். "நம் வீடு எங்கே?" என்றார். வீடு தெரியவில்லை. படையினர் வசிப்பிடத்து மரங்கள் அடர்ந்த ஒரு பச்சைப் பட்டை மட்டும் தெரிந்தது. என் மகள் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, "அதற்குப் பின்னால் அப்பாயி" என்று விரல் நீட்டினாள். அந்த விரலின் நேரே தாயார் நெடுநேரம் பார்த்திருந்தார். மலைக்கோட்டையில் ஏறி நின்றால் உறையூர்த் தெருவைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாராம். இங்கே ஐம்பது ஆண்டுகளாகியும் திசை தெரியவில்லையே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

இறங்குவது எளிதாயிற்று. அடிவாரத்தில் மா லகா பாய் சந்தா என்னும் உருதுக் கவிஞரின் கல்லறைத் தோட்டம் உள்ளது. அதையும் பார்க்காமல் வரலாகாது. 1768-இல் பிறந்த இவர், உருதுவில் தம் கவிதைகளைத் தொகுதியாகத் தந்த முதற் பெண்களுள் ஒருவர். நிசாமின் அவையில் மதிப்புப் பெற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். இப்போது பல்கலைக்கழகம் நிற்கும் அடிக்மேட்டு நிலம் அவருடைய ஜாகீர்களுள் ஒன்றாக இருந்தது. இவரைக் கருவுற்றிருந்த காலத்தில் தாய் ராஜ் குன்வருக்குக் கரு கலையும் நிலை ஏற்பட, இக்குன்றின் மேலிருந்து நூலும் சாம்பிராணிச் சாம்பலும் கொண்டுவந்து கொடுத்தபின் கரு நிலைத்ததாம். அந்தத் தாய்க்கு மகள் இங்கே கல்லறை எழுப்பினார். 1824-இல் தாமும் அதனருகிலேயே அடக்கமானார். இதைச் சொன்னபோது தாயார், "அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்டாளா!" என்று மட்டும் கேட்டார்.

ஆட்டோவிற்காக நிற்கையில், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஓர் இளம்பெண், படி அதிகமா, உங்களால் எப்படி ஏற முடிந்தது என்று தெலுங்கில் தாயாரை விசாரித்தாள். தாயார் குறுக்காக நடக்கும் வித்தையை அவளுக்கு நடந்து காட்டினார். எந்த ஊர் அம்மா நீங்கள் என்றாள் அவள்.

"போலாரம்" என்றார் தாயார்.

மாலையில் உறையூரிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். மறுநாள் வரவேண்டிய முன்பணத்தைப் பற்றி என்னிடம் கேட்க நினைத்திருந்தான். தாயார் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். குன்றேறிய கதையைக் கால் மணி நேரம் சொன்னார். பிறகு, "மலைக்கோட்டைக்குப் படி எத்தனை, தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். அவன் விழித்தான் போலும். "எனக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஏறியிருக்கிறேன், ஒருநாளும் எண்ணியதில்லை. பொங்கலுக்கு வருகிறேன், எண்ணிப் பார்ப்போம். வீட்டுப் பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம், அந்த மனிதரிடம் அண்ணனைச் சொல்லச் சொல்கிறேன்" என்று தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலுக்குத் தைலம் தேடி உள்ளே போனார்.