மாவாஸின் எலும்பும் கவாத்துக் கத்தியும்

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தேயிலையைப் பார்ப்பார்கள், ஸ்ட்ராபெரி வாங்குவார்கள், குளிருகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். மலையிலேயே கிடக்கிற எங்களுக்கோ விடுமுறை வந்தால் கீழே இறங்க வேண்டும். சென்ற விடுமுறையில் உறவினர் ஒருவரின் காரில் கோலாலம்பூருக்குப் புறப்பட்டேன். நெடுஞ்சாலை வேண்டாம், தாப்பா, பீடோர், சுங்காய் என்று பழைய சாலையிலேயே போகலாம் என்றேன். "பெட்ரோல் உங்கள் செலவா?" என்று கேட்டார். சரி என்றேன்.

காரணம் இருந்தது. சுங்காய் வட்டாரத்தில்தான் 1920-களின் பிற்பகுதியில் ஐவர் எவன்ஸ் என்ற அருங்காட்சியக அதிகாரி கற்பலகைகளால் கட்டிய பழங்காலக் கல்லறையைத் தோண்டிப் பார்த்தார். அடுத்த பத்தாண்டில் காலிங்ஸ் என்பவர் சங்காட் மந்திரியில் தோண்டினார். இந்த வட்டாரக் கல்லறைகளில் மட்பாண்டம், மணிகள், இரும்புக் கருவிகள் எல்லாம் கிடைத்தன. இன்று சாலையோரம் பார்த்தால் செம்பனையும் கடைவரிசையும்தான். நான் எட்டி எட்டிப் பார்த்ததில் கழுத்து வலித்ததே மிச்சம்.

அந்த இரும்புக்கு மலாய்க் கிராமத்தார் வைத்த பெயர் துலாங் மாவாஸ், அதாவது மாவாஸின் எலும்பு. மாவாஸ் என்பது காட்டிலே திரியும் மனிதக் குரங்கு; அதன் முன்னங்கை இரும்பாம்! நிலத்தைக் கொத்தும்போது துருப்பிடித்த நீண்ட இரும்பு அகப்பட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? அவர்கள் புழங்கிய கருவிகளைப் போல அது இல்லை. பாராங் கத்தியில் இரும்பின் வால் மரப்பிடிக்குள் நுழையும். இதிலோ இரும்பிலேயே குழல் செய்து, மரப்பிடியை அதற்குள் செருக வேண்டும். ஈட்டிமுனை, கோடரி, அரிவாள், கத்தி எல்லாம் அந்த வகையே. நம் பகாங் மாநிலத்தின் தெம்பெலிங் ஆற்றுப் பகுதியிலும் இவை கிடைத்திருக்கின்றன.

தேசிய அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்த்தபோது, அழகான பொருள் என்று சொல்ல மனம் வரவில்லை. துரு தின்ற கறுத்த துண்டுகள். ஆனால் நகர மனமில்லை. இவற்றில் பல, முறையான அகழ்வில் கிடைத்தவை அல்ல. சுரங்கத்திலும் வயலிலும் தற்செயலாக அகப்பட்டவை. எந்த மண், எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்பதை எழுதி வைக்காமல் எடுத்துவிட்டால் பிறகு இரும்பு பேசாது. சீவ்கிங் என்ற ஆய்வாளர் மலாயாவின் காட்சியகங்களில் இருந்த இரும்புக்காலப் பொருட்களைத் தொகுத்து, 1956-இல் ராயல் ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் வெளியிட்டார். தமிழ்நாட்டிலும் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டி எடுத்த வாள், ஈட்டி போன்றவற்றுக்கு எண் கொடுத்து எழுதிய அட்டவணை, 1915-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. எண் போடுவது கிராணி வேலை என்று நாம் நினைக்கிறோம். எண் இல்லாத பொருள் எடைக்குத்தான் போகும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. என் தகப்பனார் கவாத்து வெட்டிய கத்தியை நானே பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். வீடு மாறும்போது சாக்கோடு போயிற்று. எத்தனை வெள்ளி கிடைத்தது என்பதுகூட நினைவில்லை.

1929-இல் ரஸல் இந்த மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது முதல் இங்கே கத்தி, மண்வெட்டி, கடப்பாரை இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. இப்போது இயந்திரம் கொழுந்து வெட்டுகிறது. வேலைக்காரர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். லயத்துப் பின்கட்டில் கிடக்கும் பழைய இரும்பைக் கேட்பாரில்லை.

ஊர் திரும்பியதும், வீட்டில் கிடப்பதைக் கொண்டுவாருங்கள் என்று மாணவர்களிடம் சொன்னேன். பதினேழு சேர்ந்தன. நீளம் அளந்து, நிறுத்து, நூலில் அட்டை கட்டினோம். ஒரு பையன் மணல்தாளோடு வந்தான், பிடுங்கி வைத்தேன். துருவைச் சுரண்டினால் கொல்லன் அடித்த முத்திரையும் போய்விடும். மலை ஈரத்துக்குச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் பிள்ளைகள் பொறுக்கி வந்தார்கள். அளவெல்லாம் எளிதாக முடிந்தது. "இது யாருடையது?" என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது. "தெரியாது சார்" என்பதே பாதி விடை.

அந்தச் சமயத்தில் ஓய்வுபெற்ற கவாத்துக்காரர் ஒருவர் பேரனைக் கூப்பிட வந்தார். ஒன்பதாம் எண்ணை அரிவாள் என்று எழுதியிருந்தேன். எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"வாத்தியாரே, இது அரிவாள் இல்லை. கவாத்துக் கத்தி. தீட்டித் தீட்டித் தேய்ந்து இப்படி ஆயிற்று. என்னுடையதுதான்."

எந்த மலையில் வெட்டினார், யாரிடம் பிடி போட்டார், எந்தக் கல்லில் தீட்டினார் என்று ஒரு மணி நேரம் சொன்னார். பிள்ளைகள் மாறி மாறி எழுதினார்கள். ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் நோட்டில் மூன்று பக்கம் நிரம்பியது. கடைசியில் எழுந்தவர், கத்தியையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"எழுதியாயிற்று அல்லவா? வீட்டில் வாழைக்குலை வெட்ட வேறு கத்தி இல்லை."

அட்டையை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போன வாரம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். கத்தி கூரைச் சட்டத்தில் செருகியிருந்தது. அட்டையும் அப்படியே தொங்கியது.