இடுப்பில் தம்பி

பெண்கள் அமைப்பு ஒன்றிலிருந்து, அரசுக்குக் கொடுக்க வேண்டிய மனுவைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கும் முன் அதைத் துறையில் சேர்த்துவிட வேண்டும். கோரிக்கை ஒன்றுதான்: கூலி வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்கு முழுநாள் காப்பகம். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், கவிதை எழுதுகிறவள் என்பதால் வேலை என்னிடம் வந்தது. ஒரே இரவில் எழுதிவிட்டேன்.

சொல்ல நிறைய இருந்தது. 1969இல் டெல்லி ராஜ்காட் பக்கம், காந்தி நூற்றாண்டுக்காக நடந்த கட்டட வேலையில் புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துத்தான் மீரா மகாதேவன் ‘மொபைல் கிரஷ்’ அமைப்பைத் தொடங்கினார். முறைசாராத் தொழில்களில் உள்ள பெண்களைப் பற்றி எலா பட் தலைமையிலான ஆணையம் 1988இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே குழந்தைப் பராமரிப்புக்காகக் குரல் கொடுக்க ‘ஃபோர்சஸ்’ கூட்டமைப்பு உருவானது. சட்டங்களும் இருந்தன. தொழிற்சாலை என்றால் 30 பெண்களுக்கு மேல் இருக்க வேண்டியிருந்தது. கட்டட வேலை என்றால் 50 பெண்களுக்கு மேல். 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தப்படி 50 ஊழியர்கள். நாற்று நடுகிறவளும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும் இந்த எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

எழுதியதை ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“எல்லாம் சரி பாப்பா. அம்மாவப் பத்தி இருக்கு, கைப்புள்ளையப் பத்தி இருக்கு. நான் எங்க இருக்கேன்?”

எனக்குப் பதில் வரவில்லை.

1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது எனக்கு மூன்று வயது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குழந்தைகள் மையத்தில் சோறு. எனக்கு இடம் கிடைத்தது. தம்பிக்கு ஆறு மாதம். அவனுக்கு அங்கே இடமில்லை. அம்மா விடிவதற்குள் களையெடுக்கக் கிளம்பிவிடுவாள், இருட்டித்தான் வருவாள். நாலாம் வகுப்பில் இருந்த அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே சில நாள் பள்ளிக்குப் போனாள். அவன் அழுதால் வெளியே போகச் சொன்னார்கள். ஒருநாள் வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. மதியம் மையம் மூடியதும் என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அப்போது அவளுக்கு வயது ஒன்பது.

பிறகு நான் பள்ளிக்குப் போனேன், கல்லூரிக்குப் போனேன், ஆய்வேட்டை முடித்தேன். முன்னுரையில் நெறியாளருக்கு நன்றி சொன்னேன், அம்மாவுக்குச் சொன்னேன். அக்கா பெயரை எழுத அப்போதும் தோன்றவில்லை.

வீட்டில் இதைத் தியாகம் என்று சொல்வார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் யாரும் தியாகம் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் திறந்திருக்கும் காப்பகம் இல்லாததால் அந்த வேலை அவள் இடுப்பில் ஏறியது. அரசு செய்யாத செலவைத் தன் படிப்பால் கட்டியவள் அவள். எந்த நிதிநிலை அறிக்கையிலும் அந்தக் கணக்கு வராது.

மனுவை மாற்றி எழுதினேன். ‘பணிபுரியும் மகளிர்’ என்பதை அடித்துவிட்டு ‘கூலிக்குப் போகும் பெண்கள்’ என்று போட்டேன். ஆறு மாதக் குழந்தையையும் சேர்க்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதினேன். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியிலிருந்து நின்ற பெண் பிள்ளைகளைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைத்தேன்.

அமைப்புத் தோழிகளோடு நானும் போனேன். அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு, பரிசீலிப்பதாகச் சொன்னார். இதே பதிலைப் பலமுறை கேட்டவர்கள் தோழிகள். அடுத்து எந்தச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்பது என்று படியிறங்கும்போதே பேசத் தொடங்கினார்கள்.

இரவு அக்கா போன் செய்தாள்.

“குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சுக்கா.”

“பொழுது சாயுற வரைக்கும் தொறந்திருக்கணும்னு எழுதினியா?”

“எழுதியிருக்கேன்.”

“அப்ப சரி” என்றாள். அவள் பேத்தி பக்கத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது போனில் கேட்டது.