விழுகின்ற சுவிச்சும் உருகுகின்ற கம்பியும்

வீட்டிலே ஒரு பொருள் பழுதுபட்டால், அதனை உரியவரிடம் கொடுப்பதற்கு முன் தானே ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும் மனிதர் குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பர். எங்கள் வீட்டில் அம்மனிதன் நானே. கல்லூரியில் நான் கற்பிப்பது தமிழ் இலக்கணம். ஆயினும் என் மேசை இழுப்பறையில் நன்னூலுக்குப் பக்கத்திலே ஒரு திருப்புளியும் குறடும் ஒட்டுநாடாச் சுருளும் எப்போதும் கிடக்கும். சரசுவதி பூசையன்று நூல்களோடு அவற்றையும் அடுக்கி வைத்துப் பொட்டிடுவது என் வழக்கம். “புத்தகத்தால இந்த வீட்டுக்கு ஒரு கெடுதியும் வந்ததில்ல. அந்தக் குறட்டாலதான் வந்துச்சு” என்று அம்மா ஆண்டுதோறும் அந்நேரம் பார்த்துச் சொல்லுவார். அவர் சொல்லுவது உண்மை. அவ்வுண்மையை இன்று எழுதிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

நாங்கள் இருப்பது பொல்பிட்டியவில். இலங்கையின் மின்சார வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வூர்ப் பெயர் புதிதன்று. மலையிலிருந்து இறங்கும் ஆற்று நீரால் நாட்டுக்கே விளக்கேற்றலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். 1920களில் தொடங்கிய வேலை இடையிலே நின்று, ஒருவாறு 1950இல் லக்ஷபான நிலையமாக உருப்பெற்றது. பிறகு 1965இல் நோட்டன் பிரிட்ஜில் அவர் பெயராலேயே ஒரு நிலையம் எழுந்தது. 1969இல் எங்கள் பொல்பிட்டிய நிலையம், 1974இல் புதிய லக்ஷபான, 1983இல் கனியன். காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேங்கிய நீர் ஒரு நிலையத்தில் உழைத்து முடிந்ததும் அடுத்த நிலையத்துக்கு இறங்கி, அங்கும் உழைத்து, இரு கிளைகளும் லக்ஷபான அணையில் ஒன்றுகூடி எங்களூருக்கு வந்து சேருகிறது. ஒரே நீரை இத்தனை முறை வேலை வாங்கும் சாமர்த்தியத்தைத் தோட்டத் துரைமாரிடமிருந்து பொறியியலாளர் கற்றனரோ, அன்றி அவரிடமிருந்து இவர் கற்றனரோ, அறியேன்.

இவ்வளவு மின்சாரம் தலைக்கு மேலே கம்பியில் ஓடிக்கொண்டிருக்க, நான் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவில் எரிந்தது குப்பி லாம்பு. மலைச்சரிவில் நின்று பார்த்தால் கீழே மின்நிலையத்தின் விளக்குகள் நட்சத்திரக் கூட்டம்போல் தெரியும். அவ்வெளிச்சத்தைப் பார்த்தவாறே இஸ்தோப்பில் அமர்ந்து மண்ணெண்ணெய்ப் புகையில் வீட்டுப்பாடம் எழுதினேன். அப்பாவின் வானொலிப் பெட்டிக்கு மூச்சுத் தந்தவை உலர் பற்றரிகள். அவை சோர்ந்துவிட்டால் அடுப்படியில் வைத்துச் சூடேற்றி, இன்னும் இரண்டு நாள் பாட வைப்பார். பழுது பார்த்தல் என்னும் கலையில் நான் கண்ட முதற்பாடம் அதுவே.

அப்பாவுக்கு வேலை ‘ஸ்டோர்’ என்று நாங்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில். உருளை இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவதும் பெல்ட்டுகளைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பார், அவ்வளவே படிப்பு. இயந்திரத்தின் ஓசையை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார்.

நான் பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த பின், ரோட்டோரமாக மின்சாரம் உள்ள சிறிய பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். முதற் சம்பளத்தில் வாங்கியவை ஒரு மின் கேத்தலும் ஒரு மின்னழுத்தியும். காலையில் அம்மா கேத்தலில் தேநீருக்கு நீர் வைப்பார். அதே வேளையில் நான் சட்டையை அழுத்துவேன். இரண்டையும் ஒரே துளைப்பலகையில் செருகி, அப்பலகையை விளக்குக்குரிய இணைப்பில் மாட்டியிருந்தோம். வாரத்துக்கு இருமுறை பியூஸ் போயிற்று. ஒவ்வொரு முறையும் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு நாற்காலி மேலேறிப் புதுக் கம்பி கட்ட வேண்டும். கல்லூரிக்குப் பேருந்து போய்விடும். ஒரு நாள் பொறுமை இழந்தேன். பழைய வயரொன்றை உரித்து, அதிலிருந்த செப்பு இழைகள் நாலைந்தை முறுக்கி, பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இறுக்கிக் கட்டினேன். அதன் பிறகு பியூஸ் போகவே இல்லை. இரண்டு மாதம் நான் என் திறமையை வியந்துகொண்டே பேருந்தைப் பிடித்தேன்.

ஜூன் மாதத்து மழை. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விடியற்காலை, கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கையில், அம்மாவுக்கு ரப்பர் கருகும் வாடை எட்டியது. அடுப்பில் ஏதோ விழுந்துவிட்டது என்று தேடியிருக்கிறார். அடுப்பிலே ஒன்றுமில்லை. அண்ணாந்து பார்த்தபோது, கூரைப் பலகைக்கும் சுவருக்கும் இடையிலிருந்து புகை நூல்போல் இறங்கிக்கொண்டிருந்தது. எழுத்தறியாத என் தாய் அப்போது செய்தது, பட்டதாரியாகிய நான் செய்திருக்க வேண்டியது: எதனையும் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல், உலர்ந்த விளக்குமாற்றுக் கட்டையால் மெயின் சுவிச்சைத் தட்டிக் கீழே இறக்கினார். பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோது ஒரு முழ நீளத்துக்கு வயரின் மேலுறை உருகி வழிந்திருந்தது, பலகை கரியாகியிருந்தது. மேற்கூரையில் தங்கையின் பிள்ளைகளுக்கென்று கட்டி வைத்திருந்த பழைய புத்தகக் கட்டுகள் ஒரு சாண் தள்ளிக் கிடந்தன.

அப்பா என்னைத் திட்டவில்லை. நான் கட்டிய செப்பு முறுக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “தம்பி, ஸ்டோர்ல ரோலருக்குள்ள ஏதாவது சிக்கிட்டா பெல்ட் கழண்டு விழும். விழுந்தாத்தான் ரோலர் தப்பிக்கும், பக்கத்துல நிக்கிறவன் கை தப்பிக்கும். புதுசா வந்த ஒருத்தன் பெல்ட் விழக்கூடாதுன்னு தாரைப் பூசி இறுக்கினான். பெல்ட் விழல. பல்லுச்சக்கரம் ஒடஞ்சுச்சு” என்றார். அதன்பின் அதைப்பற்றி அவர் பேசியதே இல்லை.

பின்னர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கேத்தல் 2000 வாற். அழுத்தி 1000 வாற். நம் நாட்டு மின்னழுத்தமாகிய 230 வோல்ற்றால் வகுத்தால் 13 அம்பியர் வருகிறது. விளக்கு இணைப்புக்கு இடப்பட்டிருந்ததோ 5 அம்பியர் பியூஸ். வயரும் அதற்கேற்ற மெல்லிய வயர். மின்னோட்டம் இரண்டரை மடங்கு ஆனால் வயரில் பிறக்கும் வெப்பம் இரண்டரை மடங்கோடு நிற்பதில்லை. ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறத்தாழ ஏழு மடங்கு ஆகிவிடும். ஆக, வாரம் இருமுறை உருகிய அந்த மெல்லிய கம்பி பழுதானதே அன்று. வீட்டிலிருந்த பொருள்களுள் சரியாக வேலை செய்த ஒரே பொருள் அதுதான். அதைத்தான் நான் ‘பழுது பார்த்தேன்’.

இன்று சதுர முனைகளையுடைய 13 அம்பியர் பிளக்குகள் பெருகிவிட்டன. அவற்றின் வயிற்றுக்குள்ளேயே சிறு பியூஸ் உண்டு. அது போய்விட்டால் தேயிலைப் பொதியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகிவிடும் வித்தையைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். காணும்போதெல்லாம் கரிந்த பலகையின் வாடை என் மூக்கில் அடிக்கிறது.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதனால் நாடு முழுவதும் இருண்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார். ஒரு குரங்கு நாட்டையே அணைத்துவிட்டது என்று சிரித்தோம். சிரிப்புக்கிடமானதே, இவ்வளவு பெரிய ஒழுங்கு ஒரு குரங்குக்குத் தாங்காமற் போனதில் குறையும் உண்டு. ஆனால் அன்று மின்நிலையங்கள் தாமே கழன்றுகொண்டது இயந்திரங்கள் எரிந்துவிடாமல் இருப்பதற்கே. அப்பா இருந்திருந்தால், “பெல்ட் விழுந்திருக்கு” என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது வேறு கதை. அங்கே பெல்ட் விழவில்லை, பணம் விழுந்திருந்தது. மின்நிலையத்தின் வாசலிலே வாழும் நாங்களும் அந்நாள்களில் குப்பி லாம்பைத் தேடியெடுத்தோம். அதற்கு மண்ணெண்ணெய் கிடைத்தால் அல்லவா!

அவ்வாண்டில் புதுப்பொருள் வாங்க வழியில்லாமல் ஊரெல்லாம் பழுது பார்ப்போரைத் தேடியது. என் இழுப்பறைக்கும் மதிப்பு வந்தது. அப்போது எனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். அழுத்தியின் வயர் மாற்றுதல், தளர்ந்த பிளக்கை இறுக்குதல், மின்விசிறிக்கு எண்ணெய் விடுதல் இவற்றை, பிளக்கைக் கழற்றி என் கண்முன்னே வைத்துக்கொண்டுதான் செய்வேன். மீற்றர்ப் பக்கம் கை போகாது. பழைய குழாய்த் தொலைக்காட்சியைத் திறக்கவே மாட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் வயிற்றில் ஆளைத் தூக்கியெறியும் மின்சாரம் தங்கியிருக்கும். நுண்ணலை அடுப்பும் அவ்வாறே.

சோற்றுக் குக்கரை மட்டும் ஆசையோடு திறப்பேன். அதன் அடியில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. பானையில் நீர் உள்ளவரை வெப்பம் கொதிநிலையைத் தாண்டாது. நுவரெலியா உயரத்தில் அக்கொதிநிலையும் ஏறத்தாழ 94 பாகைதான். அரிசி நீரை உறிஞ்சி முடித்ததும் வெப்பம் மேலே ஏறும், 100 பாகையைச் சற்றுக் கடந்ததும் காந்தத்தைப் பற்றியிருந்த கலவை உலோகம் தன் காந்த குணத்தை இழக்கும், நெம்பு கீழே விழும், சோறு தயார். இதிலும் வேலை முடிந்ததைச் சொல்லுவது விழுகின்ற ஒன்றுதான். இந்தக் குக்கருக்குள் வெப்பம் மிஞ்சினால் உருகும் ஒரு சிறு பியூசும் உண்டு. அது போய்விட்டால் இரு முனைகளையும் சேர்த்து முறுக்கி, ‘சரியாகிவிட்டது’ என்று திருப்பித் தருவோர் இருக்கின்றனர். அதே பெறுமதியுள்ள புதியதைப் போடாமல் நான் திருப்பித் தருவதில்லை. இதனால் இரண்டு நண்பர்களை இழந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மேல் லயத்திலிருந்து கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். “சேர், மழை வந்தா இந்த ட்ரிப் சுவிச்சு விழுந்துகிட்டே இருக்கு. போன தடவ வயரிங் பாக்குற ஆள் வந்தப்ப, இத டைரக்டா குடுத்துட்டா தொல்லை இல்லைன்னு சொன்னாரு. ரெண்டாயிரம் கேக்குறாரு. நீங்க செஞ்சு குடுத்துருங்க” என்றார். செய்வது மிக எளிது. இரண்டு வயர்களை இடம் மாற்றினால் போதும். அவரும் மகிழ்வார், இலவசமாகச் செய்த நல்ல பெயரும் எனக்குக் கிட்டும். மழையில் நனைந்து வந்தவரிடம் ‘முடியாது’ என்று சொல்ல வாய் வரவில்லை. “வந்து பாக்கிறேன் அக்கா” என்றேன்.

பியூஸ் காப்பது வீட்டை. ட்ரிப் சுவிச் காப்பது ஆளை. மனிதன் உடல் வழியாக மின்சாரம் நிலத்துக்கு இறங்கும்போது 5 அம்பியர் பியூஸ் அசையவே அசையாது. அதற்கு வெகுமுன்னரே உயிர் போய்விடும். ட்ரிப் சுவிச்சோ, போகின்ற மின்னோட்டத்தையும் திரும்பி வருகின்ற மின்னோட்டத்தையும் இடைவிடாது ஒப்புநோக்கிக்கொண்டிருக்கிறது. 30 மில்லிஅம்பியர், அதாவது ஓர் அம்பியரின் நூறில் மூன்று பங்கு, கணக்கில் குறைந்தால், எங்கோ யாரோ வழியாக ஒழுகுகிறது என்று கண்டு விழுந்துவிடுகிறது.

அக்காவின் காம்பராவில் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுச் சுவிச்சை ஏற்றினேன், நின்றது. ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தேன். தொலைக்காட்சி, நின்றது. அழுத்தி, நின்றது. கடைசியாகக் குளிக்குமிடத்து விளக்குக்குப் போகும் வயரைச் செருகினேன், ‘டக்’கென்று விழுந்தது. அந்த வயர் தகரக் கூரையின் மேலாகப் போயிற்று. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். காற்றில் ஆடி ஆடித் தகரத்தின் விளிம்பு வயரை அறுத்திருந்தது. நனைந்த தகரத்தில் செம்பு பளபளத்தது. அத்தகரத்தின் கொக்கியில்தான் துணி காயப்போடும் கம்பியைக் கட்டியிருந்தார்கள். கம்பியின் கீழே அக்காவின் பேத்தி, வெறுங்காலோடு ஈர மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஏணியில் நின்றவாறே என் கால்கள் நடுங்கின. கீழே இறங்கி அக்காவிடம் காட்டினேன். அவர் கம்பியையும் பார்த்தார், பேத்தியையும் பார்த்தார். பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் இறக்கவில்லை.

அந்த வயரை அகற்றிவிட்டேன். அனுமதி பெற்ற மின்வினைஞர் வந்து குழாயினுள்ளே புதுவயர் இழுக்கப் பத்து நாளாயிற்று. அப்பத்து நாளும் குளிக்குமிடம் இருட்டு. அக்காவின் மருமகன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் நியாயந்தான்.

எங்கள் வீட்டு ட்ரிப் சுவிச்சிலே சோதனைக்கென்று ஒரு சிறு பொத்தான் உண்டு. எல்லாச் சுவிச்சிலும் உண்டு, அழுத்துவோர் அரிது. மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் நான் அதை அழுத்துவேன். சுவிச் விழும், வீடு இருளும். அதே வேளையில்தான் அம்மாவின் தொலைக்காட்சித் தொடரில் யாரேனும் ஒருத்தி முக்கியமான இரகசியம் எதையோ சொல்லத் தொடங்கியிருப்பாள்.

“விழுந்துருச்சா?” என்று இருட்டிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

“விழுந்துருச்சும்மா.”

“அப்ப சரி. சீக்கிரம் போடு, அவ என்ன சொன்னான்னே கேக்கல.”