அரை மணி நேரம் ஆஸ்பத்திரியில், மீதி நாள் உங்கள் மடியில்



பத்து மாதமாகியும் ஒரு பிள்ளை உட்காரவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? "அவன்ட வாப்பாவும் பிந்தித்தான் நடந்தார்" என்பார் உம்மம்மா. "கண்ணூறு பட்டிருக்கும், தண்ணி ஓதிக் கொடுங்க" என்பார் சாச்சி. "ஆம்புளப் புள்ளைகள் அப்படித்தான்" என்பார் அடுத்த வீட்டு ராத்தா. எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பான வார்த்தைகளுக்கிடையில் பிள்ளையின் பெறுமதியான மாதங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து போகின்றன.

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. நானும் ஓதிக் கொடுப்பவன்தான். ஆனால் துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. நாட்டுப்புற அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, சிகிச்சை செய்து கொள்ளலாமா என்று கேட்டார்கள். சிகிச்சை செய்யும்படியே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் உள்ளது.

என் தங்கையின் மகன் மாதம் நிறையுமுன் பிறந்தவன். அவனுடைய கைகள் எப்போதும் பொத்தியபடி இருக்கும். தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். முதலில் அதைக் கண்டு சொன்னவர், வீட்டுக்கு வந்து பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை நிரப்பும் மருத்துவமாதுதான். அவருடைய வற்புறுத்தலால் பெரிய டொக்டரிடம் காட்டினோம். மூளை வாதம் என்றார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டு வீடே இடிந்து போயிற்று. ஆனால் அதன் பொருளை விளங்கிக் கொண்டால் பயம் பாதி குறையும். பிறக்குமுன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்பட்ட ஒரு பாதிப்பு அது. குறைமாதப் பிறப்பு, மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் போன்றவை காரணமாகலாம். தாய் செய்த பாவம் காரணமல்ல. யாருடைய கண்ணூறும் காரணமல்ல. 1862 இல் இதைப் பற்றி விரிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜோன் லிட்டில். அவரும் சிறு வயதில் நோயினால் பாதம் வளைந்து, பின்னர் சிகிச்சையால் சீரானவரே.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. கூடுவது உடம்பின் இறுக்கம். அசைக்காத தசை சுருங்குகிறது. சுருங்கிய தசை எலும்பை இழுக்கிறது. சில பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டே விலகிப் போகிறது. இதைத் தடுப்பதற்கும், பிள்ளைக்கு இருக்கும் சக்தியை வெளியே கொண்டு வருவதற்கும்தான் கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை. குறித்த நாளில் போய் அன்றே திரும்பலாம். பிசியோதெரபி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக்குகிறது. தொழில்வழிச் சிகிச்சை உண்ணவும் உடுத்தவும் கையைப் பயன்படுத்தவும் பழக்குகிறது. பேச்சுச் சிகிச்சை பேசுவதற்கு மட்டுமல்ல, மெல்லவும் விழுங்கவும் கூட உதவுகிறது.

என் தங்கை ஐந்து தடவை போனாள். தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டப் பாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் காத்திருந்து, அரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு, அஸருக்குப் பிறகுதான் வீடு சேர்வாள். ஆறாவது தடவை போகவில்லை. "மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, பந்தை வைத்து விளையாட்டுக் காட்டுகிறார்கள். இதற்கா இவ்வளவு செலவு?" என்றார் மாமியார். மழையும் சேர்ந்து கொண்டது. கணவரோ கட்டாரில். இரண்டு மாதம் அப்படியே நின்றது. பிறகு பார்த்தால், துணி மாற்றுவதற்குக் கூட பிள்ளையின் கால்களை விரிக்க முடியவில்லை; விரித்தால் வீரிட்டு அழுதான்.

மீண்டும் போனபோது அந்தச் சிகிச்சையாளர் ஏசவில்லை. "அம்மா, நான் செய்வது அரை மணி நேரம். மீதி நாள் முழுவதும் பிள்ளை உங்களிடம்தான். சிகிச்சை செய்வது நீங்கள்; நான் காட்டித் தருபவள்" என்றார். சிங்களத்தில் சொன்னதைத் தங்கை முழுமையாக விளங்கிக் கொண்டது அன்றுதான். அந்தப் பந்து விளையாட்டு, பிள்ளை தானாக எட்டிப் பிடித்து உடம்பை நிமிர்த்துவதற்கான பயிற்சி. பிறர் பிடித்துவிடுவதை விட, பிள்ளை தானே முயன்று திரும்பத் திரும்பச் செய்வதுதான் அதிகம் பலன் தருகிறது.

அன்று முதல் வீட்டில் என்ன நடந்தது? படுக்க வைத்து ஊட்டுவது நின்றது. நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் ஊட்டினார்கள். படுத்தபடி ஊட்டினால் உணவு மூச்சுக் குழாய்க்குள் போய்ச் சளிக் காய்ச்சல் வரும். தூக்கும்போது நம் உம்மம்மாமார் தூக்குவது போல் கால்களை விரித்து இடுப்பில் வைத்தார்கள். இறுகும் கால்களுக்கு அதுவே ஒரு பயிற்சி. சிகிச்சையாளர் கொடுத்த அளவுக்கு ஊர்த் தச்சர் ஒரு மூலை நாற்காலி செய்து தந்தார். கடையில் விற்கும் சில்லு வைத்த வோக்கரை வாங்க வேண்டாம் என்றார்கள். அது நடக்கப் பழக்காது, விழுத்தும். அதனால்தான் கனடா 2004 இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

இப்போது அவனுக்கு ஆறு வயது. தனியாக நடக்கவில்லை, சட்டத்தைப் பிடித்துச் சில அடிகள் வைக்கிறான். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து தன் கையாலேயே சோறு தின்கிறான். சோற்றில் பாதி மடியில் விழுந்தாலும் பிஸ்மி சொல்லியே தொடங்குகிறான். "உம்மா, தண்ணி" என்று கேட்கிறான். சகோதரிகளே, இது சிறிய விஷயமா? வாய் திறந்து கேட்கத் தெரியாத பிள்ளையின் தாயிடம் கேட்டுப் பாருங்கள்!

ஆகவே, சில அடையாளங்களை மனதில் வையுங்கள். நான்கு மாதத்தில் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், ஒரு வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் நடையோ ஒரு சொல்லோ வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். தேவையானால் 1895 முதல் இயங்கும் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ராகம 'ஆயதி' நிலையத்துக்கோ அனுப்புவார்கள். கிளினிக்கில் சொல்வது விளங்காவிட்டால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். வெளியேறுமுன் அவர் முன்னாலேயே ஒரு முறை செய்து காட்டுங்கள்.

மாமியாரே, நீங்களும் கேளுங்கள்! மருமகள் கிளினிக் போகும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்வது உங்களுக்கு நன்மை. கணவர்மாரே, செலவுக் காசு அனுப்புவதோடு உங்கள் கடமை முடிவதில்லை. ஊரில் இருக்கும் நாட்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளையை விருந்தாளிகள் வரும்போது அறைக்குள் மறைக்கும் வீடுகளும் உண்டு. தாபிஈன்களில் பெரும் மார்க்க அறிஞரான அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களை அறிவீர்களா? ஒரு கண் பார்வையற்றவர், கால் ஊனமானவர், கை செயலிழந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளார்கள். அவரிடம் மக்காவில் ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று ஃபத்வா கேட்டார்கள்! அவரை யாரும் அறைக்குள் மறைத்து வைத்திருந்தால் இந்த உம்மத் எவ்வளவு இழந்திருக்கும்?

நம் நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கமே இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது. 2016 இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் ஏற்றுக் கொண்டது. சக்கர நாற்காலி, உதவித்தொகை பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். கேட்பது பிச்சையல்ல, உரிமை.

எல்லாப் பிள்ளையும் நடக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். அது அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் அடுத்த கிளினிக் நாளைத் தவறவிடாமல் இருப்பது நம் கையில் உள்ளது. நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும், தாய்மாரின் உள்ளத்துக்குப் பொறுமையையும் வல்ல றஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.